பட்டத்தில் தொங்கும் கேமராவுக்கு எந்தப் பேட்டரி? சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் செய்த சோதனை

பட்டத்தின் கயிற்றில் கேமராவைக் கட்டி மேலே ஏற்றிவிட்ட பிறகு அதன் பேட்டரிக்காக நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தரையில் படம் எடுப்பவர் பேட்டரி தீர்ந்தால் பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாற்றிக்கொள்கிறார். அறுபது மீட்டர் உயரத்தில் தொங்கும் கேமரா அணைந்துபோனால், அணைந்தது என்பதே கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. கயிற்றைச் சுற்றி இறக்கி, மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்க்கும்போதுதான் ஏரியின் ஒரு கரை முழுவதும் படமாகாமல் விடுபட்டிருப்பது தெரியவரும். ட்ரோன் வாங்காமல், பழைய சிறு கேமரா ஒன்றைப் பட்டத்தில் கட்டி ஊரின் ஏரிகளையும் மலைச்சரிவுகளையும் மேலிருந்து படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு, எந்தக் கேமரா என்பதைவிட எந்தப் பேட்டரி என்பதே பெரிய கேள்வி என்று நான் கருதுகிறேன். சேலம் சமவெளியிலும் ஏற்காட்டிலும் பல வகைப் பேட்டரிகளை ஒரே முறையில் ஓட்டிப் பார்த்து எழுதும் மதிப்பீடு இது.

முதலில் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோதனைக்குப் பயன்பட்டது 2011-இல் வெளிவந்த கேனான் பவர்ஷாட் ஏ1200. கடைகளில் புதிதாகக் கிடைக்கும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பழைய பொருள் விற்பவர்களிடமும் உறவினர் வீட்டு அலமாரிகளிலும்தான் தேட வேண்டும். ஆயினும் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கேமராக்கள் குறைவு என்பேன். படம் 4,000-க்கு 3,000 புள்ளிகள் கொண்டது. லென்ஸ் 28 மில்லிமீட்டருக்கு ஈடான அகலக் கோணத்தில் தொடங்குகிறது. பேட்டரியோடு சேர்த்து எடை 185 கிராம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஏஏ அளவுப் பென்சில் பேட்டரி இரண்டில் இயங்குகிறது. சி.எச்.டி.கே. என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றிப் போட்டால், குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்படி இதைப் பழக்கலாம். அந்த மென்பொருள் கேமராவின் உள்ளிருக்கும் நிரலை நிரந்தரமாக மாற்றுவதில்லை. அது இல்லாத கார்டைப் போட்டு இயக்கினால் கேமரா பழையபடியே வேலை செய்யும். எனக்கு அதில் மிகவும் பயன்பட்ட வசதி வேறொன்று: பேட்டரியின் மின்னழுத்தத்தை ஒரு சிறு நிரலின் வழியே படித்து, எடுத்த படத்தின் எண்ணோடு கார்டிலேயே குறித்துவைக்க முடிகிறது. கேமராவின் திரையில் தெரியும் பேட்டரிச் சின்னம் சொல்லாத செய்திகளை எல்லாம் இந்தக் குறிப்பு சொல்லிவிடுகிறது.

எவ்வளவு நேரம் தேவை என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளாமல் பேட்டரியைச் சோதிப்பதில் பொருளில்லை. இந்தக் கேமராவை அறுபது மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழாகப் பார்க்கவைத்தால், அகலக் கோணத்தில் ஒரு படம் தரையில் ஏறத்தாழ 74 மீட்டருக்கு 56 மீட்டர் பரப்பை மூடும். படத்தின் ஒரு புள்ளி தரையில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவைக் குறிக்கும். படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்குவதற்கு அடுத்தடுத்த படங்கள் பாதிக்கும் மேல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் மெதுவாக நடப்பவர் நொடிக்கு ஒரு மீட்டர் போவார் என்று கொண்டால், இருபது நொடிக்கு ஒரு படமே கணக்குப்படி போதும். ஆனால் பட்டம் ஆடும், கேமரா சுழலும், எடுத்த படங்களில் பல கலங்கியோ சாய்ந்தோ போகும். எனவே ஐந்து நொடிக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கன்னங்குறிச்சியின் மூக்கனேரியைப் போன்ற ஓர் ஏரியை, நடுவில் மரம் வளர்ந்த மண்திட்டுகளோடு சேர்த்து முழுமையாக எடுக்க, கரையைச் சுற்றி நடந்து, காற்று ஓயும் இடங்களில் நின்று, மறுபடி ஏற்றி இறக்குவதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஆகவே, ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் இயங்கி, கயிற்றைச் சுற்றி இறக்கும் நேரத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கும் பேட்டரியே நமக்குத் தேவை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கை இதற்கு உதவாது. கேமரா நிறுவனங்கள் 'இத்தனை படங்கள் எடுக்கலாம்' என்று தருவது சிபா என்ற ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் வகுத்த அளவுமுறைப்படி கணக்கிட்டது. அந்த முறையில் முப்பது நொடிக்கு ஒரு படம் எடுப்பார்கள். ஒன்று விட்டு ஒரு படத்துக்கு ஃப்ளாஷ் அடிப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஜூமை நகர்த்துவார்கள். பத்துப் படத்துக்கு ஒரு முறை கேமராவை அணைத்து மீண்டும் இயக்குவார்கள். கல்யாண வீட்டில் படம் எடுப்பவருக்கு அது நியாயமான அளவுகோல். பட்டத்தில் தொங்கும் கேமராவோ ஃப்ளாஷ் அடிப்பதில்லை, ஜூமை அசைப்பதில்லை, ஒரு முறைகூட அணைவதில்லை. மேலே ஏறிய நேரத்திலிருந்து இறங்கும்வரை அது விழித்தே இருக்கிறது. நமக்கு வேண்டியது படங்களின் எண்ணிக்கை அல்ல, நிமிடங்கள்.

சோதனை முறை எளியது. லென்ஸை அகலக் கோணத்திலும், குவியத்தை (ஃபோகஸை) தொலைவிலும் பூட்டிவைத்து, ஃப்ளாஷை அணைத்து, ஐந்து நொடிக்கு ஒரு படம் என்ற நிரலை ஓடவிட்டு, கேமராவை அது தானாக அணையும்வரை நிழலான திறந்த வெளியில் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு வகைப் பேட்டரிக்கும் அதே கார்டு, அதே நிரல், அதே அமைப்பு. ஒரே வகையில் வேறு வேறு ஜோடிகளையும் ஓட்டிப் பார்த்தேன். ஏனெனில் ஒரு ஜோடியை வைத்து ஒரு வகையையே புகழ்வதோ பழிப்பதோ நேர்மையாகாது. பிறகு அதே பேட்டரிகளைப் பட்டத்தில் ஏற்றி, வானத்தில் ஓடிய நேரத்தைத் தரையில் ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டேன். இரண்டுக்கும் இடையே சில நிமிடங்களுக்கு மேல் வேறுபாடு இல்லை. ஆகவே வீட்டு மொட்டைமாடியில் செய்யும் சோதனையை வானத்துக்கும் நம்பலாம்.

முதலில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி. கடையில் வாங்கிப் பிரித்தவுடன் போடலாம் என்ற வசதியைத் தவிர இதற்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முக்கால் மணி நேரத்தை ஒட்டி இது கைவிட்டுவிடுகிறது. அப்படி அணைந்த பேட்டரிகளை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, உள்ளே ஆற்றல் தீர்ந்துவிடவில்லை. கேமரா கேட்கும் அளவுக்கு மின்னோட்டத்தை வேகமாகத் தர முடியாதபடி ஆல்கலைன் பேட்டரியின் உள்தடை அதிகமாக இருக்கிறது. பெரிய மின்னோட்டம் இழுக்கப்படும்போது அதன் மின்னழுத்தம் சரிந்து, கேமராவின் குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. கார்டில் பதிந்த குறிப்பில் இந்தச் சரிவு முதல் படத்திலிருந்தே தொடங்கி, மலைப்பாதையைப் போல இறங்கிக்கொண்டே போவதைத் தெளிவாகப் பார்க்கலாம். மேலே உறையில் எழுதியிருக்கும் 1.5 வோல்ட் என்பது சுமை இல்லாத நிலையில் மட்டுமே உண்மை.

அடுத்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை மறுமின்னூட்டப் பேட்டரி. இதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான் என்பதால் இது பலவீனமானது என்று நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கடைக்காரர்களே அப்படிச் சொல்வதுண்டு. உண்மை நேர்மாறானது. இதன் உள்தடை குறைவு; கேமரா எவ்வளவு இழுத்தாலும் 1.2 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் நின்று, கடைசியில்தான் சட்டென்று விழுகிறது. சான்யோ நிறுவனம் 2005-இல் கொண்டுவந்து இப்போது பானசோனிக் பெயரில் விற்கப்படும் எனலூப் என்ற பேட்டரியின் 2,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்ட வகை, திரை எரிந்துகொண்டிருந்தபோதே இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. ஆல்கலைனோடு ஒப்பிட்டால் இது இரண்டரை மடங்குக்கும் மேல். மேலும், வெவ்வேறு ஜோடிகளுக்கு இடையே வேறுபாடு மிகக் குறைவாக இருந்தது. எனக்கு நேரத்தின் நீளத்தைவிட இந்த ஒழுங்கே பெரிதாகப் பட்டது. இரண்டு மணி நேரம் ஓடும் என்று தெரிந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குத் திட்டமிடலாம். ஒரு நாள் மூன்று மணி நேரமும் மறுநாள் ஒரு மணி நேரமும் ஓடும் பேட்டரியை நம்பித் திட்டமிட முடியாது.

இந்த வகையில் தானாகக் கசியும் மின்சாரம் குறைவு என்பது இன்னொரு நன்மை. பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளை மின்னூட்டி அலமாரியில் வைத்தால் ஓரிரு மாதங்களில் காலியாகிவிடும். பட்டம் விடுபவருக்கோ நல்ல காற்று எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. போன மாதம் மின்னூட்டி வைத்த ஜோடியை எடுத்துக்கொண்டு நேராக ஏரிக்குக் கிளம்ப முடிகிறது என்பது எளிய வசதி அல்ல.

இதே பேட்டரியின் 2,500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட உயர்வகையையும் ஓட்டினேன். நேரம் கூடுகிறது, ஐயமில்லை. ஆனால் அதைத் திரும்பத் திரும்ப மின்னூட்டக்கூடிய முறைகள் 500 என்று நிறுவனமே சொல்கிறது. சாதாரண வகைக்கு அது 2,100. நமது தேவையான ஒன்றரை மணி நேரத்தைச் சாதாரண வகையே நிறைவேற்றிவிடுவதால், கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த ஆயுளை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர் தெரியாத பேட்டரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உறையில் 3,000-க்கும் மேல் அச்சிட்ட ஏஏ மறுமின்னூட்டப் பேட்டரிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இந்த அளவில் இந்த வேதியியலில் உண்மையாகவே அடைத்துவைக்கக்கூடிய உச்சம் 2,700 அல்லது 2,800 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டியது. அதற்கு மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டியதில்லை. நான் வாங்கிய அத்தகைய ஜோடி ஆல்கலைனைவிடச் சற்றே அதிகம் ஓடியது. எடையைப் பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும்: நல்ல ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 26, 27 கிராம் இருக்கும், சமையலறைத் தராசில் 20 கிராமுக்கும் குறைவாகக் காட்டினால் உள்ளே பொருள் இல்லை என்றே அர்த்தம்.

லித்தியம் ஏஏ பேட்டரி தனி வகை. மறுமின்னூட்ட முடியாத, ஒரு முறை மட்டும் பயன்படும், 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரியைச் சொல்கிறேன். இது நான்கு மணி நேரத்தை நெருங்கி ஓடியது. ஒன்றின் எடையும் 15 கிராம்தான். மறுமின்னூட்ட ஜோடியைவிட இந்த ஜோடி இருபது கிராமுக்கும் மேல் இலகு. ஆனால் ஒரு ஜோடியின் விலையும் பலநூறு முறை பயன்படும் எனலூப் ஜோடியின் விலையும் நான் வாங்கியபோது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அன்றாடப் பயன்பாட்டுக்கு இதை வாங்குவது வீண்செலவு. எப்போது வீண்செலவு அல்ல என்பதைச் சொல்ல ஏற்காட்டுக்குப் போக வேண்டும்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்தால் ஏறத்தாழ 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. பட்டத்தைத் தூக்கும் விசை அடர்த்தியோடு நேராகக் கூடிக் குறைவதால், சமவெளியில் அதே வேகக் காற்றில் தூக்கிய பட்டம் மேலே அந்த அளவுக்கு எடை குறைவாகவே தூக்கும். இதோடு கயிற்றின் எடையும் சேர்கிறது. செயற்கை இழையில் செய்த பட்ட நூலையும் மாஞ்சாவையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்தது. பறவைகளும் இருசக்கர வண்டியில் செல்வோரும் அதனால் அறுபட்டுச் செத்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தடையின் தேவை புரியும். நான் முறுக்கிய பருத்திக் கயிற்றையே பயன்படுத்துகிறேன்; நூலும் தறியும் வாழும் சேலத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அதே வலிமைக்குப் பருத்தி, செயற்கை இழையைவிடக் கனமானது. மெல்லிய காற்று, கனத்த கயிறு, இரண்டும் சேரும் இடத்தில் பேட்டரியில் குறையும் இருபது கிராம் கேமரா ஏறுமா ஏறாதா என்பதையே முடிவு செய்கிறது. மார்கழி, தை மாதங்களின் மெல்லிய வாடையில் மலைமேல் பட்டம் ஏற்றுபவர், பையில் ஒரு லித்தியம் ஜோடியை வைத்திருக்கலாம்.

மலைமேல் குளிர் பேட்டரியைக் குறைக்குமே என்று கேட்பார்கள். ஏற்காட்டின் குளிர் அதற்குப் போதாது. உறைநிலையை ஒட்டிய குளிரில்தான் ஆல்கலைன் பேட்டரி கடுமையாகத் தளரும். ஏற்காட்டில் பகலில் பட்டம் விடும் நேரத்து வெப்பநிலையில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஜோடியின் ஓட்டநேரம் சேலத்தில் ஓடியதிலிருந்து கவனிக்கத்தக்க அளவு மாறவில்லை. நமது ஊரில் பேட்டரிக்குப் பகை குளிர் அல்ல, வெயில். சித்திரை மாதச் சேலத்தில் பூட்டிய காருக்குள் வைத்த பேட்டரி கையால் தொட முடியாதபடி காய்ந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி சூடாக இருக்கும்போது மின்னூட்டத்தை முழுமையாக ஏற்பதில்லை. நாற்பது பாகை செல்சியஸுக்கு மேல் அது தெளிவாகவே குறைகிறது. எனவே கோடையில் நடுப்பகலில் மின்னூட்டாமல், இரவில் மின்விசிறிக்குக் கீழே சார்ஜரை வைத்து மின்னூட்டுவது நல்லது. அப்படி மின்னூட்டிய ஜோடி, பகல் சூட்டில் மின்னூட்டிய அதே ஜோடியைவிடக் கூடுதல் நேரம் ஓடுவதை என் குறிப்புகளிலேயே காண முடிந்தது.

இப்போது இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பயன்பட்ட கண்டறிதலுக்கு வருகிறேன். ஐந்து நொடிக்கு ஒரு படம் என்பதைப் பத்து நொடிக்கு ஒன்றாகக் குறைத்தால் பேட்டரி இரு மடங்கு ஓடும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி ஓடுவதில்லை, கூடும் நேரம் மிகச் சிறிது. மின்சாரத்தின் பெரும்பகுதி படம் எடுப்பதற்குச் செலவாவதில்லை, கேமரா விழித்திருப்பதற்கே செலவாகிறது. ஒளியுணர்வான் தொடர்ந்து காட்சியைப் படித்துக்கொண்டிருக்கிறது, செயலி அதைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, திரையின் பின்விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அறுபது மீட்டர் உயரத்தில் அந்தத் திரையைப் பார்க்க யாரும் இல்லை. சி.எச்.டி.கே. நிரலில் பின்விளக்கை அணைக்கும் கட்டளை இருக்கிறது. அது ஒத்துழைக்காத கேமராக்களில், தொலைக்காட்சியோடு இணைக்கும் துளையில் ஒரு செருகியைச் செருகிவைத்தால் திரை தானாக அணைந்துவிடும். திரையை அணைத்ததும் எனலூப் ஜோடியின் நேரம் மேலும் அரை மணிக்குக் குறையாமல் கூடியது. அடுத்த மிச்சம் குவியம்: ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் மோட்டார் ஓடித் தேடாதபடி குவியத்தைத் தொலைவிலேயே பூட்டிவிட்டால் மின்சாரமும் மிச்சம், மேகமூட்டத்தில் குவியம் தவறிக் கலங்கும் படங்களும் குறைவு. ஆகவே, பேட்டரியை மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் படங்களின் இடைவெளியை நீட்ட வேண்டாம், படங்கள்தான் குறையும். திரையை அணையுங்கள், இடைவெளியை ஐந்து நொடியிலேயே விடுங்கள்.

இன்றைய சிறு கேமராவைப் போல வானத்தில் விழித்தே இருக்கும் வேலை, முன்னோடிகளின் கேமராக்களுக்குத் தேவைப்படவில்லை. பிரான்சில் ஆர்தர் பட்டூ 1888-இல் பட்டத்திலிருந்து படம் எடுத்தபோது, மெதுவாக எரியும் திரி ஒன்று முடிவில் கேமராவின் மூடியை விடுவித்தது. ஓர் ஏற்றத்துக்கு ஒரு படம். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின் அழிவைப் பட்டங்களின் வரிசையில் கட்டிய பெருங்கேமராவால் படம் எடுத்த ஜார்ஜ் லாரன்ஸ், கம்பியின் வழியே தரையிலிருந்து மின்சாரம் அனுப்பி அதை இயக்கினார். நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி, ஓர் ஏற்றத்துக்கு ஆயிரத்துக்கும் மேலான படங்கள். அதற்கான விலை, பேட்டரியையும் மேலே தூக்கிச் செல்ல வேண்டியிருப்பது.

கேமரா வானத்தில் அணைந்தால் படங்கள் மட்டும் இழப்பல்ல. மின்சாரம் திடீரென்று அற்றுப்போனால் லென்ஸ் வெளியே நீண்டபடியே நின்றுவிடும். அந்த நிலையில் கேமரா கரட்டு மண்ணிலோ காப்பிச் செடிகளுக்கு இடையிலோ இறங்கினால் லென்ஸ் குழாயில் மணல் புகுந்து மீண்டும் உள்ளே போகாது. பழைய சிறு கேமராக்களின் சாவு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. இதைத் தவிர்க்க, தரைச் சோதனையில் கேமரா எந்த மின்னழுத்தத்தில் அணைகிறது என்பதைக் குறித்துவைத்து, அதற்குச் சற்று மேலான எல்லையில் நிரலே கேமராவை முறைப்படி அணைத்து லென்ஸை உள்ளிழுக்கும்படி எழுதிவிட வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி கடைசியில் செங்குத்தாக விழுவதால் அந்த எல்லையிலிருந்து முழு அணைவுக்குச் சில நிமிடங்களே இருக்கும். ஆனால் லென்ஸ் உள்ளே போக அது தாராளம். ஆல்கலைனில் அந்தச் சரிவு நீளமானது என்பதால் எல்லையை எங்கே வைப்பது என்றே தீர்மானிக்க முடியாது.

பென்சில் பேட்டரி போடும் எந்தக் கேமராவிலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரி உள்ளே சுருள்வில்லின் அழுத்தத்தில் நிற்கிறது. காற்று வெட்டிப் பட்டம் குலுங்கும்போது ஒரு கணம் தொடுமுனை விலகினாலும் கேமரா அணைந்துவிடும், பேட்டரி நிறைந்திருக்கும். மின்னழுத்தக் குறிப்பு நல்ல நிலையில் இருக்கும்போதே பதிவு நின்றிருந்தால் காரணம் இதுதான். மூடியின் உட்புறம் மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, வெளியே அகலமான ரப்பர் பட்டையைப் போட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்களே, அந்தக் காற்றில் பட்டம் விடுவது அறிவுடைமை அல்ல என்றாலும், அதற்கு முன்னும் பின்னும் வரும் வேகமான காற்றிலும் இந்த அட்டைத் துண்டு இல்லாமல் கேமராவை ஏற்றக் கூடாது.

தனி லித்தியம் அயான் பேட்டரி போடும் மெல்லிய கேமராக்களை விட்டுவிடவும் முடியாது. கேனானின் இக்ஸஸ் 125 பேட்டரியோடு சேர்த்து 135 கிராம்தான். அகலக் கோணமும் படத்தின் தரமும் சிறப்பானவை. ஆனால் அதன் என்பி-11எல் பேட்டரியின் கொள்ளளவு 3.6 வோல்ட்டில் 680 மில்லி ஆம்பியர் மணி. அதாவது இரண்டரை வாட் மணிக்கும் சற்றுக் குறைவு. இரண்டு எனலூப் சேர்ந்து ஏறத்தாழ 4.8 வாட் மணி தருகின்றன. கேமராவே மின்சாரத்தைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவழித்தாலும், அசல் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடியது; அதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியவில்லை. அசல் கிடைக்காமல் வாங்கும் நகல் பேட்டரிகளில் ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இருக்கிறது. ஐம்பது கிராம் எடைக்குறைவு ஏற்காட்டு வாடையில் மிகப் பெரிய அனுகூலம் என்பதால், மலையில் மட்டும் படம் எடுக்க நினைப்பவர் இதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. மலைமேல் மூடுபனி விலகி மூடும் இடைவெளிகள் குறுகியவை. பகோடா முனையிலோ சேர்வராயன் கோயில் பக்கத்திலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தெளிவான வெளி கிடைப்பது அரிது. சமவெளி ஏரிகளுக்கு இது போதாது.

சார்ஜரைப் பற்றிப் பலரும் பேட்டரிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூடக் கொடுப்பதில்லை. இரண்டு பேட்டரிகளை ஒரே சுற்றில் சேர்த்து, குறித்த நேரம் ஆனதும் நிறுத்தும் மலிவான சார்ஜர், ஒன்றை அளவுக்கு மேல் சூடாக்கி இன்னொன்றை அரைகுறையாக விட்டுவிடும். கேமராவில் இரண்டும் தொடராக இணைந்திருப்பதால், பலவீனமான ஒன்று எப்போது விழுகிறதோ அப்போது இரண்டும் விழுந்ததாகவே பொருள். ஒவ்வொரு பேட்டரியின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே கண்காணித்து, நிறைந்ததும் அதை மட்டும் நிறுத்தும் சார்ஜரே வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் நல்ல பேட்டரிக்குக் கொடுத்த பணம் வீணாகாமல் இருப்பதற்கு இதுவே வழி.

பட்டம், கட்டிய பலூன் ஆகியவற்றையும் 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் வானூர்திகளின் வரையறைக்குள்ளேயே வைத்திருந்தது என்பதை நினைவில் கொண்டு, உயரத்தை அடக்கமாக வைத்துக்கொள்வதும், ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் இருக்கும் விமான நிலையத்தின் சுற்றுப்புறத்தைத் தவிர்ப்பதும், ஏற்றுவதற்கு முன் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வதும் கட்டாயம். காப்பித் தோட்டங்கள் தனியார் நிலம்; உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் மேலிருந்து படம் எடுப்பது முறையல்ல. மின்கம்பிகளின் பக்கம் போகவே கூடாது.

புதிதாகத் தொடங்குபவர் என்னைக் கேட்டால் இப்படி வாங்கச் சொல்வேன்: ஏஏ பேட்டரி போடும் பழைய பவர்ஷாட் ஒன்று, 2,000 மில்லி ஆம்பியர் மணி எனலூப் நான்கு, தனித்தனியே கண்காணிக்கும் சார்ஜர் ஒன்று. நான்கு பேட்டரிகளையும் இரண்டு ஜோடிகளாகப் பிரித்து, அழியாத மையால் எண்ணிட்டு, எப்போதும் அந்த ஜோடியாகவே மின்னூட்டி, அந்த ஜோடியாகவே போட வேண்டும். ஒன்றின் துணையை மற்றொன்றோடு கலக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மொட்டைமாடியில் மேலே சொன்ன சோதனையை மறுபடி ஓட்டி, ஒரு ஜோடியின் நேரம் ஒன்றரை மணிக்குக் கீழே வந்துவிட்டால் அதைக் கைவிளக்குக்கு ஒதுக்கிவிட்டுப் புதிய ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.